அண்ணன் கையெழுத்தில் ஒரு வரி

தாராவி, மும்பை
நவம்பர் 6

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் அக்காவும் உடல் சுகத்தோடு இருக்க துஆ செய்கிறேன். எங்கள் சுகத்தைப் பற்றி ஒரு வரியில் எழுதி முடிக்க முடியாது. அதனால்தான் இத்தனை காகிதம்.

எப்போதும் உங்கள் தம்பிதான் உங்களுக்கு எழுதுவார். நான் கடைசியில் என் சலாமைச் சேர்க்கச் சொல்வேன், அதோடு சரி. இந்தத் தடவை ராபியாவாகிய நானே எழுதுகிறேன், அவருக்குத் தெரியாமல். அவர் அஸர் தொழப் பள்ளிக்குப் போயிருக்கிறார். போனில் சொல்லலாம் என்றால், தறிச் சத்தத்தில் போன காது உங்களுக்கு. மருமகளை விட்டு உங்கள் காதில் கத்தச் சொல்ல வேண்டும், தெரு முழுக்கக் கேட்கும். இது அப்படிக் கத்திச் சொல்கிற விஷயம் இல்லை.

அவர் கழுத்தில் வந்த கட்டி கேன்சர் என்பதும், பெரிய ஆஸ்பத்திரியில் கீமோ ஏற்றுகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். இதயத்தைப் பற்றி அவர் உங்களுக்கு எழுதவில்லை, எழுதக் கூடாது என்று என்னிடமும் சொல்லியிருந்தார். இரண்டாவது கீமோவுக்குப் போயிருந்தபோது நர்ஸ் கையைப் பிடித்து நாடி பார்த்தாள், விட்டாள், மறுபடி பிடித்தாள். உடனே படுக்க வைத்து மார்பில் வயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். இதயம் தாளம் தப்பி அடிக்கிறதாம். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, ஏணி ஏறும்போது மூச்சு வாங்குவது கீமோவின் அசதி என்று நினைத்திருந்தார். எங்கள் வீடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கீழே பர்ஸ் தைக்கிற கார்கானா, மேலே நாங்கள், நடுவில் அந்தச் செங்குத்தான இரும்பு ஏணி.

கிங்ஸ் சர்க்கிளில் விஜயலட்சுமி என்று ஓர் இதய டாக்டரம்மா இருக்கிறார். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர், நம்மிடம் தமிழில் பேசுவார். அவர்தான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இதயம் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தால் உள்ளே ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும். உறைந்த துணுக்கு ஒன்று கிளம்பி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். கேன்சர் இருக்கிறவர்களுக்கு ரத்தம் இன்னும் சீக்கிரம் உறையும். அதே சமயம் கீமோவினால் ரத்தத்தில் இருக்கிற தட்டணுக்கள் குறையும், குறைந்தால் ரத்தம் கசியும். அதனால் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை காலையும் மாலையும் தருகிறேன், ஒவ்வொரு கீமோவுக்கும் முன்னால் ரத்தம் சோதித்துப் பார்த்து, வேண்டுமானால் நிறுத்துவேன், வேண்டுமானால் குறைப்பேன், அதை நானும் கேன்சர் டாக்டரும் பேசி முடிவு செய்வோம், நீங்களாக எதுவும் செய்யக் கூடாது என்றார். உங்கள் தம்பி தலையை ஆட்டினார். அவர் தலையை ஆட்டினால் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம் கிடையாது, எனக்கு அது அன்றைக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு ஈறில் ரத்தம் வர ஆரம்பித்தது. கொட்டவில்லை மச்சான், கசிவுதான். ஆனால் எப்போது வரும் தெரியுமா, தொழுகைக்கு முன்னால் ஒளு செய்ய வாய் கொப்பளிக்கும்போது. மிஸ்வாக் குச்சியை வைத்துத் தேய்ப்பார், துப்புவார், சிவப்பாக இருக்கும். ஒளு முறிந்துவிட்டது என்று முதலிலிருந்து செய்வார். மறுபடி வாய் கொப்பளிப்பார், மறுபடி சிவப்பு. எங்கள் சந்தில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும், டிரம்மில் பிடித்து வைத்து நாள் முழுக்க ஓட்ட வேண்டும். மதியம் லுஹருக்கும் சாயங்காலம் அஸருக்கும் நடுவிலேயே டிரம் காலியாகிவிடும். அவர் ஒளு செய்து முடிப்பதற்குள் பள்ளியில் ஜமாஅத் தொழுகை முடிந்துவிடும். ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருப்பார். டாக்டரம்மாவிடம் சொல்லுங்கள் என்று நான் பலமுறை சொன்னேன். ஒரு பெண்ணிடம் போய் என் தொழுகையைப் பற்றி என்ன பேசுவது என்றார்.

பிறகு ஒரு கீமோ முடிந்து தட்டணுக்கள் ரொம்பக் குறைந்தபோது, டாக்டரம்மாவே ஒரு வாரம் அந்த மாத்திரையை நிறுத்தினார். ஈறு ரத்தம் நின்றது. அந்த வாரம் அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஐந்து வேளையும் பள்ளியில், முதல் வரிசையில். வாரம் முடிந்து மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார்கள், நானும் காலையும் மாலையும் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். இந்தத் தடவை ரத்தம் வரவில்லை. ஈறு ஆறிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். நாலு வீட்டில் சொல்லிக்கொண்டேன்.

நான் வீட்டில் பர்ஸுக்கு உள்துணி தைக்கிறது உங்களுக்குத் தெரியும். போன வாரம் பட்டன் தீர்ந்துபோனது. அவர் அலமாரியில் வைத்திருக்கிற பிரஸ் பட்டன் டப்பாவை எடுத்துக் கவிழ்த்தேன். பித்தளைப் பட்டனுக்கு நடுவில் இளஞ்சிவப்பாக, வட்டமாக, நிறைய. புது டிசைன் பட்டன் வந்திருக்கிறது போல என்றுதான் முதலில் நினைத்தேன். கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பர்ஸ் தோலில் ஊசி முனை அளவு பிசகாமல் வேலை செய்கிற விரல்கள் அவருக்கு. மாத்திரையை வாயில் போடுகிற மாதிரி காட்டி விரலிடுக்கில் வைத்துக்கொண்டு என்னை ஏமாற்ற அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும். தூக்கி எறியவும் மனசு வரவில்லையாம், மருந்தை வீணாக்கக் கூடாதாம்.

கத்தினேன் மச்சான். நான் எப்படிக் கத்துவேன் என்று உங்களுக்குத் தெரியும். கீழே கார்கானாவில் மெஷின் நின்றுவிட்டது. அவர் சத்தமே போடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "இந்த ரத்தத்தோட எப்படிப் போயி அவன் முன்னாடி நிக்கச் சொல்லுத?" என்று மட்டும் கேட்டார். டாக்டரம்மா ஒரு வாரம் நிறுத்தினாரே, ஒன்றும் ஆகவில்லையே என்றார். அவர் நிறுத்தினது ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, நீங்கள் நிறுத்தினது எதைப் பார்த்து என்று கேட்டேன்.

மறுநாளே டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா பயந்துவிட்டார். ரத்தம் சோதித்தார், தட்டணுக்கள் போதுமான அளவு இருந்தன. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் மெத்தென்ற பிரஷ் கொடுத்திருப்பேன், ஈறுக்குக் கொப்பளிக்க மருந்து கொடுத்திருப்பேன், அளவைப் பார்த்திருப்பேன், இத்தனை நாள் ஒன்றும் ஆகாதது அல்லாஹ் செயல், இன்றைக்கே ஆரம்பியுங்கள் என்றார். அவர் அல்லாஹ் என்றுதான் சொன்னார், இந்து அம்மா. உங்கள் தம்பி மறுபடி தலையை ஆட்டினார்.

பள்ளியில் தொழ வைக்கிற ஹஜ்ரத்திடமும் போனேன், அவர் வீட்டம்மா மூலமாகக் கேட்டேன். ஹஜ்ரத் நல்ல மனிதர். எச்சிலைவிட ரத்தம் குறைவாக இருந்தால் ஒளு முறியாது, ஓயாமல் ரத்தம் வருகிற நோயாளிக்குச் சட்டமே வேறு, ஒரு வேளைக்கு ஒரு ஒளு செய்துகொண்டு ரத்தம் வந்தாலும் தொழட்டும், உயிரைக் காப்பது கடமை என்று சொல்லியனுப்பினார். உங்கள் தம்பியிடம் சொன்னேன். அவர் அதிலும் சட்டம் பேசுகிறார். எனக்கு ஓயாமல் வரவில்லை, கொஞ்ச நேரம் வந்து நின்றுவிடுகிறது, அந்தச் சலுகை எனக்கு இல்லை, நான் துப்புவதில் எச்சிலைவிடச் சிவப்புதான் அதிகம், என் கண்ணால் பார்க்கிறேன் என்கிறார். பொறுக்க முடியாமல் நான் ஒரு நாள் மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் கலந்தேன். கஞ்சியில் சிவப்பு தெரிந்துவிட்டது. கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்தார். அன்றிலிருந்து நான் எதைக் கொடுத்தாலும் ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறார். இத்தனை வருஷக் குடும்பத்தில் எனக்கு இதைவிடப் பெரிய அவமானம் வந்ததில்லை.

கடைசியில் அவர் ஒன்று சொன்னார். அதற்காகத்தான் இந்தக் கடிதம். "அண்ணன் ஒரு வரி எழுதட்டும். அவுக கையெழுத்துல வந்தா நான் சாப்பிடுதேன்." சின்னப் பையனாக இருந்தபோது முழங்காலில் ரத்தத்தோடு தொழ வந்து நின்றாராம். ஊரே பார்க்க நீங்கள் வரிசையிலிருந்து கையைப் பிடித்து வெளியே இழுத்து, கழுவிவிட்டு வா என்று அனுப்பினீர்களாம். எங்கள் கல்யாணமான புதிதில் பெருமையாகச் சொன்னார், எங்கள் அண்ணன் அவ்வளவு சுத்தம் என்று. அன்றைக்கு நானும் சிரித்தேன்.

மச்சான், உங்களை நான் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். மாத்திரையைச் சாப்பிடு, ரத்தம் வந்தாலும் தொழு, உன் தொழுகை கூடும், அல்லாஹ் ஏற்பான் என்று உங்கள் கையால் எழுதுங்கள். அப்படியானால், ஆனால், ஒருவேளை என்று எதுவும் சேர்க்காதீர்கள். நீங்கள் எதையும் யோசித்துச் செய்கிறவர். தயவு செய்து இதை மட்டும் யோசிக்காமல் செய்யுங்கள், ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். நான் ஒவ்வொரு காலையும் அவர் எழுந்து பேசுகிற முதல் வார்த்தை சரியாக வருகிறதா என்று கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன்.

அக்காவுக்கு என் சலாம்.

வஸ்ஸலாம்,
ராபியா


தாராவி, மும்பை
நவம்பர் 20

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் நேற்று வந்து சேர்ந்தது. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். தபால்காரர் கீழே கார்கானாவில் கொடுத்துவிட்டுப் போனார். மேலே கொண்டுவந்தது எங்கள் பிள்ளை ஷகீல். அவனுக்குத் தமிழ் படிக்க வராது, ஆனால் உங்கள் கையெழுத்து மட்டும் தெரியும். உங்களை எப்போதும் கூப்பிடுகிற மாதிரி "படே அப்பாவுடையது" என்று என் கையில் கொடுத்தான். நான் பிரிக்கவில்லை. அவர் பெயருக்கு வந்ததை அவரே பிரிக்கட்டும் என்று கொடுத்தேன்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். தென்காசி, கடையநல்லூர் என்று அலைந்து மூன்று ஆலிம்களைப் பார்த்து மார்க்கச் சட்டம் கேட்டுவிட்டு எழுதுகிறேன், அதனால் தாமதம் என்று எழுதியிருந்தீர்கள். இந்த வயதில் எனக்காக ஊர் ஊராகப் பஸ் ஏறியிருக்கிறார் அண்ணன் என்று அவர் அழுதார். வாசலையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தத் தாமதம் எப்படி இருந்தது என்பதை இப்போது சொல்ல வேண்டாம். கடிதம் வந்துவிட்டது, அதுவே போதும்.

நானாக எடுத்துக் கொடுக்கவில்லை மச்சான். அவரே மாத்திரையைக் கேட்டார். வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி எனக்குக் காட்டினார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷகீல் மெத்தென்ற பிரஷ் வாங்கி வந்தான். மிஸ்வாக்கைச் சுத்தமாகக் கழுவி எடுத்து வைத்துவிட்டார், உடம்பு தேறின பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்றார். இன்று காலையும் சாப்பிட்டார். விடியற்காலை சுபுஹுக்கு ஒளு செய்யும்போது கொஞ்சம் ரத்தம் வந்தது. நின்று பார்த்தார், துப்பினார், போய்த் தொழுதார். அவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள் என்று எனக்கு இருந்தது.

இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. கட்டி பாதிக்கு மேல் கரைந்திருக்கிறதாம். கேன்சர் டாக்டர் முதல் தடவையாக உங்கள் தம்பியின் தோளைத் தட்டினார். ஷகீலுக்குக் கோபர்கைரனேயில் ஏசி ரிப்பேர் கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. அத்தாவுக்கு ஏணி ஏற முடியவில்லை, அங்கே லிஃப்ட் இருக்கிற இடமாகப் பார்த்துப் போய்விடலாம் என்கிறான். உங்கள் தம்பி பள்ளி பக்கத்தில் இருக்குமா என்று கேட்கிறார்.

ரமலானுக்கு நீங்களும் அக்காவும் இங்கே வந்து எங்களோடு இருக்க வேண்டும். அடுத்த கடிதத்தை அவரே எழுதுவார். நான் என் சலாமோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வஸ்ஸலாம்,
ராபியா


மும்பை
டிசம்பர் 3

பெரிய மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மருமகள் உங்கள் காதில் கத்திச் சொல்லியிருப்பாள். ஷகீல் போனில் அவளிடம் சொன்னபோது அவளும் அழுதாளாம். என்ன சொன்னாள், உங்களுக்கு எவ்வளவு கேட்டது என்று தெரியாது. அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு அந்தக் கடிதத்தைப் போட்ட மறுநாள், வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து நன்றாகச் சாப்பிட்டார். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று என் பக்கத்தில் உட்கார்ந்து பர்ஸுக்குப் பட்டன் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு பட்டன் கீழே விழுந்தது. எடுத்தார், மறுபடி விழுந்தது. வலது கையை எடுத்து மடியில் வைத்து, யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். நிமிர்ந்தார். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. என் பெயரைச் சொல்லத்தான் பார்த்தார், எனக்குத் தெரியும். "பட்டன்" என்று வந்தது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. டாக்டரம்மா சொல்லிக் கொடுத்திருந்தார், வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் ஒரு நிமிஷம் வீணாக்காதீர்கள் என்று. நான் வீணாக்கவில்லை மச்சான். கார்கானாப் பையன்கள் போர்வையில் கிடத்தி அந்த ஏணியில் இறக்கினார்கள். ஒருவன் கால் வழுக்கி விழப் பார்த்தான். சந்தில் வண்டி வராது, மெயின் ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டே ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் நேரத்தோடு வந்திருக்கிறீர்கள், நல்லது என்று சொன்னார்கள். உறைந்ததைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறதாம், நேரத்தோடு வருகிறவர்களுக்குப் போடுவார்களாம்.

அந்த டாக்டர் சின்ன வயசு. என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார், சொன்னேன். இன்று காலை சாப்பிட்டாரா என்று கேட்டார். ஆமாம், என் கண் முன்னால் சாப்பிட்டார், நாக்கைத் தூக்கிக் காட்டினார் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ரத்தம் உறையாத மாத்திரை உடம்பில் இருக்கும்போது அந்த ஊசியைப் போட்டால் மூளைக்குள் ரத்தம் கொட்டிவிடுமாம். கம்பி விட்டு எடுக்கலாம் என்றால் அடைப்பு ரொம்பச் சின்னக் குழாய்க்குள் போய்விட்டதாம். போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

நான் அந்த மாத்திரைக்காக எத்தனை நாள் கெஞ்சினேன். அதைச் சாப்பிட்டதால்தான் ஊசி போட முடியவில்லை என்றதும் எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. விஜயலட்சுமி டாக்டரம்மா மறுநாள் தானாக வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, மாத்திரை மேல் கோபப்படாதீர்கள், இது மாத்திரையால் வந்தது இல்லை, மாத்திரை சாப்பிடாமல் இருந்த வாரங்களில் இதயத்துக்குள் சேர்ந்த ரத்தக்கட்டி இது, நாலு வேளை மாத்திரையால் அதைத் தடுக்க முடியவில்லை, விடாமல் சாப்பிட்டிருந்தால் பெரும்பாலும் வந்திருக்காது என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. குற்றம் சொல்லவில்லை என்று எழுதும்போதே சொல்கிற மாதிரி இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய. முதல் ஆலிம் கூடும் என்றுதானே சொல்லியிருப்பார். அன்றைக்கே எழுதியிருக்கலாம் அல்லவா. இரவும் பகலும் இதே நினைப்பு. உங்கள் மேல் கோபம், அவர் மேல் கோபம், என் மேல் கோபம். அல்லாஹ் மேல் கோபப்படக் கூடாது என்று தெரியும். அவனுக்காகத்தானே இவர் இதைச் செய்தார், ஒரு ரெண்டு வாரம் அவன் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாதா என்று மட்டும் கேட்கிறேன்.

வலது கையும் வலது காலும் அசையவில்லை. நாம் பேசுவது அவருக்குப் புரிகிறது. அவருக்கு வருகிற ஒரே வார்த்தை பட்டன். தண்ணீர் வேண்டுமென்றாலும் பட்டன், விளக்கை அணைக்க வேண்டுமென்றாலும் பட்டன். ஷகீலைப் பார்த்தால் ஒரு விதமாகச் சொல்கிறார், என்னைப் பார்த்தால் வேறு விதமாக. நான் குரலை வைத்துப் பிரித்துத் தெரிந்துகொள்கிறேன். கீமோவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், இந்த உடம்பு தாங்காதாம். பாதிக்கு மேல் கரைந்த கட்டி மறுபடி வளருமா என்று கேட்டேன். கேன்சர் டாக்டர் பார்க்கலாம் என்றார். இந்தத் தடவை தோளைத் தட்டவில்லை.

மூளையில் ரத்தம் கசியக் கூடாது என்பதற்காக அந்த மாத்திரையையும் கொஞ்ச நாள் நிறுத்தியிருக்கிறார்கள். அதனால் இப்போது ஈறில் ரத்தம் இல்லை மச்சான். சுத்தமாக நின்றுவிட்டது. நான் ஈரத் துணியால் ஒளு செய்து விடுகிறேன், வாயைத் துடைத்தால் துணி வெள்ளையாகவே வருகிறது. ஒளு முறிவதில்லை. முந்தாநாள் கட்டிலில் தலையை உயர்த்தி வைத்து, இடது கையால் வலது கையைத் தூக்கி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு தொழ ஆரம்பித்தார். அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்ல வாயைத் திறந்தார். "பட்டன்" என்றார். மறுபடி முயன்றார். "பட்டன், பட்டன்." என்ன வருகிறது என்று அவருக்கே கேட்டது. கையை எடுத்துவிட்டார். நான் இத்தனை வருஷத்தில் அவர் அப்படி அழுது பார்த்ததில்லை. உங்கள் அத்தா மவுத்தானபோதுகூட அப்படி அழவில்லை. அந்தத் தொழுகை கூடுமா என்று நான் உங்களைக் கேட்கவில்லை. தயவு செய்து இதற்கும் மூன்று ஆலிம்களிடம் போகாதீர்கள். கூடும் என்று நானே அவரிடம் சொல்லிவிட்டேன்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். வருகிற திங்கட்கிழமை ஸ்கேன் பார்த்துவிட்டு அந்த மாத்திரையை மறுபடி ஆரம்பிக்க வேண்டுமாம். ஆரம்பிக்காவிட்டால் இன்னொரு தடவை வரும், அது இதைவிட மோசமாக இருக்கும் என்று டாக்டரம்மா சொல்கிறார். அதே இளஞ்சிவப்பு மாத்திரைதான், பொடித்து ஸ்பூனில் கொடுக்க வேண்டும். நேற்று அதை எடுத்துக் காட்டி, திங்கட்கிழமையிலிருந்து இது என்று சொன்னேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். தண்ணீர் ஸ்பூனைக் கொண்டுபோனாலும் இப்போது ஒரு தடவை உற்றுப் பார்க்கிறார். மறுபடி ரத்தம் வரும் என்று பயப்படுகிறாரா, விழுங்கும்போது புரையேறுகிறதே அதற்குப் பயப்படுகிறாரா, இல்லை போதும் என்று நினைக்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. கேட்டால் ஒரே வார்த்தைதான் வருகிறது. அந்தக் குரலை மட்டும் என்னால் பிரித்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

உங்கள் கடிதத்தை அவர் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். நேற்று அதை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தேன். எழுத்துகளைப் பார்க்கிறார், படிக்க முடியவில்லை. நான் வாசித்துக் காட்டினேன். நான் வாசித்தால் அது என் சொல்லாகிவிடுகிறது, வாயைத் திறக்கவில்லை. மச்சான், இனிமேல் எழுதினால் போதாது. நீங்கள் வர வேண்டும். ரயிலில் இடம் கிடைக்காது, தனியாக வர முடியாது, காது கேட்காதவன் பம்பாய் ஸ்டேஷனில் என்ன செய்வான் என்றெல்லாம் யோசிப்பீர்கள். ஷகீல் பிளாட்பாரத்தில் நிற்பான். அவன் தமிழில் பேசினாலும் உங்களுக்குக் கேட்காது, ஹிந்தியில் பேசினாலும் கேட்காது, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவான். திங்கட்கிழமைக்குள் வந்துவிடுங்கள். வந்து கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஸ்பூனை உங்கள் கையால் அவர் வாயில் வையுங்கள். ரத்தம் வந்தால் நான் துடைத்துக்கொள்கிறேன்.

உங்களைப் பார்த்ததும் அவர் ஏதோ சொல்வார். உங்களுக்குக் கேட்காது, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பார்ப்பீர்கள், அப்போதும் பட்டன் என்றுதான் தெரியும். அண்ணன் என்று கூப்பிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்,
உங்கள் தம்பி மனைவி
ராபியா